எண்ணிக்கை சரியாக இருந்தது

எங்கள் இசைப் பள்ளியில் அப்போதெல்லாம் பிள்ளைகளை எண்ணுகிற வழக்கம் கிடையாது. சாமான்களைத்தான் எண்ணுவோம். அதை ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்ல நாக்கு கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றின் பழைய குடோன் மாடியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பள்ளி நடக்கிறது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கீபோர்டு சொல்லித் தருகிறோம். மில் காலனிப் பிள்ளைகள் வருவார்கள். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் சிலர், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அப்பாக்களின் பைக்கில் சிலர். பெருமாள் கோயில் வீட்டுப் பிள்ளையும் சர்ச்சில் பாடுகிற பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்து கிள்ளிக்கொள்ளும். வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் இங்கே வந்து தமிழில் சண்டை போடும். வாத்தியங்கள் எதுவும் பிள்ளைகளுடையவை அல்ல. எல்லாம் பள்ளிக்காக நான் வீடு வீடாக, கம்பெனி கம்பெனியாகக் கேட்டு வாங்கியவை. பல வாத்தியங்கள் முதலில் யாருடையவை, எந்தப் பரணில் கிடந்தவை என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

ஒருமுறை ஒரு பையன் சின்ன சைஸ் வயலின் ஒன்றைச் சேத்தூர் பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். டெப்போ வரை போய் விசாரித்தோம். போனது போனதுதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் கீழே துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு மாடிப்படியில் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சட்டம் வந்தது. வெளியில் நிகழ்ச்சி என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு சாமான். வாசிக்கிற பிள்ளைக்கு அதன் வாத்தியம். பாடுகிற பிள்ளைக்குச் சுருதிப்பெட்டியோ, மைக் ஸ்டாண்டோ, பாட்டு நோட்டை வைக்கிற ஸ்டாண்டோ, தண்ணீர் கேனோ ஏதாவது ஒன்று. வேனில் ஏறும்போது சாமானை மட்டும் எண்ணுவேன். இருபத்து மூன்று சாமான் என்றால் இருபத்து மூன்று பிள்ளை. சாமானைக் கையில் எடுக்காமல் என் முன்னால் வந்து நிற்க ஒரு பிள்ளைக்கும் தைரியம் கிடையாது என்பதுதான் என் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளின் நிகழ்ச்சி. ஏதோ ஒரு சங்கத்தின் ஆண்டு விழா. காலை பத்து மணிக்கு மேல் எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பிள்ளைகள் நன்றாகவே பாடினார்கள், வாசித்தார்கள். மிருதங்கக்காரப் பையன் ஒருவன் ஒரு இடத்தில் தாளத்தை விட்டு ஓடினான், அவனே திரும்பி வந்தும் சேர்ந்துகொண்டான். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஆனால் சந்தோஷம் வந்தாலும் எனக்குச் சத்தமாகத்தான் வரும். மேடையை விட்டு இறங்கியதிலிருந்து விரட்டிக்கொண்டே இருந்தேன்.

மண்டபத்துக்காரரும் எங்களை விரட்டினார். மத்தியானம் அங்கே ஒரு வளைகாப்பு. பிள்ளைகள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து முடிப்பதற்குள் சமையல்காரர்கள் அண்டாவோடு உள்ளே வந்துவிட்டார்கள். மேடையில் நாங்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளங்களை யாரோ சுருட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் ஆறு பேர் அங்கிருந்தே பெற்றோரோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களுடைய வாத்தியங்கள் மட்டும் எங்களோடு வேனில் திரும்ப வேண்டும். ஆக, வேனில் ஏற வேண்டிய சாமான் இருபத்து மூன்று, பிள்ளைகள் பதினேழு. இந்த வித்தியாசம்தான் எனக்குக் குழி பறித்தது.

வேன் வாசலில் நின்றது. எங்கள் மிருதங்க ஆசிரியர் உள்ளே நின்று சாமான்களை வாங்கி அடுக்கினார். முப்பத்தைந்து வயதுக்காரர், வார நாட்களில் உரக்கடையில் வேலை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். நான் வெளியே நின்று எண்ணினேன். நடுவில் ஒரு வயலின் பெட்டியைத் திறந்து பார்த்தால் வில்லைக் காணோம். எனக்கு வந்ததே ஆத்திரம். யாரைப் பார்த்து என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இரண்டு நிமிஷத்தில் இன்னொரு பெட்டியில் இரண்டு வில்லாகக் கிடந்தது. கிடைத்துவிட்டது என்று ஒரு பிள்ளை தூக்கிக் காட்டினாள். சரி ஏறுங்கள், ஏறுங்கள் என்றேன். இருபத்து மூன்று சாமான் ஏறியாச்சு. டிரைவர் கதவைச் சாத்தினார். மணி பன்னிரண்டு ஐந்து.

ராஜபாளையம் வந்து சேர்ந்ததும் வழக்கம்போல அவரவர் சாமானை அவரவர் தூக்கிக்கொண்டு மாடியேறி அலமாரியில் வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளுடையதைப் பெரிய பிள்ளைகள் தூக்கினார்கள். பெற்றோர்கள் வந்து ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாடி காலியாகிவிட்டது. நான் கீழே இறங்கி வந்து பார்த்தேன். வேன் நின்றிருந்த இடத்தில், சுவரோரமாக ஒரு நோட்டு ஸ்டாண்டு மடக்கியபடி சாய்ந்து நின்றது. டிரைவர் இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை எடுக்க ஆள் வரவில்லை.

அது யாருடைய சாமான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

ஒன்பது வயதுப் பெண். எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம் இருக்கும். இருக்கிற இடம் தெரியாது. பாட்டுக்கு மட்டும்தான் வாய் திறப்பாள். அம்மா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவர். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான். ஞாயிறும் காலை ஷிப்ட் உண்டு, இரண்டு மணிக்கு முடியும். இரண்டரை மணிக்கு அந்த அம்மா நேராகப் பள்ளிக்கு வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போவார். மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இரண்டு மணி வரை அவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு எனக்கு ஆறுதலாக இருந்ததை நான் மறைக்க விரும்பவில்லை.

மிருதங்க ஆசிரியர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். கையைத் தட்டி நிறுத்தினேன்.

"வேன்ல அந்தப் பிள்ள ஏறுனாளா? நீங்கதான உள்ள நின்னீங்க?"

"ஸ்டாண்டு வந்துச்சுக்கா. நான் வாங்கி வச்சேன்."

"ஸ்டாண்டு வந்தது எனக்கும் தெரியும். பிள்ள வந்தாளா?"

அவர் பைக்கை நிறுத்திவிட்டு இறங்கினார்.

முதலில் மனசு நல்லதாகத்தான் நினைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளை யாரோடாவது போயிருப்பாள். ஆறு வீட்டுக்கும் போன் போட்டேன். பதறாமல் பேச வேண்டும். பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பில் விஷயம் போய்விட்டால் பத்து நிமிஷத்தில் ஊரே வாசலில் நிற்கும். "என்ன, பிள்ளைங்க பத்திரமா வந்து சேந்தாச்சா" என்று சிரித்த குரலில் ஆரம்பித்து, "கூட வேற பிள்ளை யாரும் வந்துச்சா" என்று போகிற போக்கில் கேட்பது மாதிரி கேட்டேன். ஆறு பேரும் இல்லை என்றார்கள். ஆறாவது வீட்டில் அந்தப் பெண்ணின் தோழி போனை வாங்கி, "அவ வேனுக்குத்தான டீச்சர் போனா" என்றாள். நான் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது என்று மிருதங்க ஆசிரியர் பிறகு சொன்னார்.

சங்கத்துச் செயலாளரிடம் மண்டபத்து வாட்ச்மேன் நம்பரை வாங்கிக் கூப்பிட்டேன்.

"உங்க பிள்ளைக எல்லாம் அப்பமே போயாச்சேம்மா. நான் வாசல்லயேதான் உக்காந்திருக்கேன். உங்க ஆளுக ஒரு குஞ்சு குளுவான் உள்ள கிடையாது."

"மஞ்சப் பாவாட போட்ட பிள்ள. நல்லாப் பாத்துச் சொல்லுங்கய்யா."

"இங்க வளைகாப்புக்கு வந்ததுல பாதி மஞ்சப் பாவாடதாம்மா. நான் யாரன்னு பாப்பேன்?"

பைக்கில் ஏறினேன். புடவையைச் சரியாகச் சொருகக்கூட இல்லை. பஞ்சு மார்க்கெட்டில் ஒரு லாரி பின்னால் வந்து திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள். ஒரு மணி ஐந்து, ஒரு மணி எட்டு. நான் இறங்கி லாரிக்காரரைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினேன். அவர் நிதானமாக என்னைப் பார்த்துவிட்டு, நிதானமாகத் திருப்பினார். மிருதங்க ஆசிரியர், "செத்த பொறுங்கக்கா, ஏறுங்க" என்றார்.

ஊரைத் தாண்டியதும் வண்டியை விரட்டினார். காற்றில் எனக்கு எதுவும் கேட்கவில்லை, நினைப்பு மட்டும் ஓடியது. மண்டபத்துக்குப் பக்கத்தில் கோயில், கோயிலுக்குப் பக்கத்தில் குளம். அந்தப் பெண்ணுக்கு நீச்சல் தெரியுமா? தெரியாது. தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? எதுவுமே தெரியாது. அவளாகவே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போயிருந்தால்? வேனைப் பிடிக்கலாம் என்று ஓடியிருந்தால்? பஸ் போர்டைப் படிப்பாள். ஆனால் பதற்றத்தில் கூட்டத்தோடு பிளவக்கல் பஸ்ஸில் ஏறியிருந்தால்? அணைக்கட்டு வரை போய் இறங்கி நின்றால் அங்கே யாரைக் கேட்பாள்? வருகிற போகிற பைக்கை எல்லாம் பார்த்துக்கொண்டே போனேன். எந்தப் பின் சீட்டில் பிள்ளை இருந்தாலும் கழுத்தைத் திருப்பினேன்.

என் நம்பர் அவளுக்குத் தெரியுமா என்று அப்போதுதான் தோன்றியது. எட்டு மாதத்தில் அந்தப் பெண்ணுக்கு என்னென்னவோ மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். வரிசை வரிசையாக ஸ்வரம், தாளங்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை அட்சரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். பத்து எண் உள்ள என் போன் நம்பரைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

"போலீசுக்குச் சொல்லிருவமா?" என்று அவர் காதருகே கத்தினேன்.

"போய்ப் பாத்துட்டுச் சொல்லுவோம்க்கா. இப்பமே சொன்னா, பொறவு ஒரு பிள்ளையும் நம்மகிட்ட வராது."

அவர் சொன்னது நிஜம். அந்த நிஜம் எனக்கும் முன்பே தோன்றியிருந்தது. அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

மண்டபம் அடையாளமே தெரியவில்லை. காலையில் எங்கள் பேனர் தொங்கிய இடத்தில் வேறு பேனர். உள்ளே பட்டுப் புடவையும் மல்லிகையும் ஸ்பீக்கர் சத்தமும். பத்துப் பதினைந்து சின்னப் பெண்கள் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் சொன்னது பொய்யில்லை, எங்கே பார்த்தாலும் மஞ்சள். நான் ஒரு பெண்ணைத் தோளைப் பிடித்துத் திருப்பினேன். யாரோ. அந்தப் பெண் பயந்துபோய் அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் அடுத்த பெண்ணிடம் போனேன்.

மிருதங்க ஆசிரியர் குளத்துப் பக்கம் ஓடினார். நான் மண்டபத்தில் மணமகள் அறை, பந்தி நடக்கிற இடம், பாத்ரூம், கொல்லைப்புறம் எல்லாம் பார்த்தேன். வாசலில் பூ விற்கிறவரிடம் கேட்டேன். "வேன் போனத பாத்தேன் தாயி. பிள்ளை யாரும் ஒத்தையில நின்ன மாதிரி தெரியலையே" என்றார். குளத்துப் பக்கம் போனவர் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார். இல்லை என்று ஆட்டுகிறாரா, வேறு எதற்காவது ஆட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "ஒண்ணுமில்லக்கா, அங்க யாரும் இல்ல, துணி துவைக்கிறவங்ககிட்டயும் கேட்டுட்டேன்" என்றார். ஒன்றரை மணி ஆகியிருந்தது.

மேடையில் மைக் இருந்தது. வளைகாப்புக்காரர்களிடம் கேட்கக்கூட இல்லை, போய் எடுத்தேன். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். முப்பது வருஷமாகப் பாட்டுச் சொல்லித்தருகிறவள். எந்த மண்டபத்திலும் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிற தொண்டை. பெயரின் முதல் எழுத்துக்குப் பிறகு காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை கூப்பிட்டேன். கூட்டம் அமைதியானது. வளையல் போட்டுக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் என்னையே பார்த்தாள். மூன்றாவது முறை கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

இனி போலீஸ்தான் என்று மேடையை விட்டு இறங்கினேன். அப்போது சமையல் ஆட்களோடு வந்த ஒரு அம்மா மாடிப்படியில் நின்று கீழே பார்த்துக் கூவினார். விருந்தாளிகள் உட்காருவதற்கு ஜமுக்காளம் எடுக்க மேலே போயிருக்கிறார்.

"ஏம்மா, மேல ஒரு பிள்ள எல்லா ஜமுக்காளத்தையும் விரிச்சுப் போட்டு வச்சிருக்கு. அதுவா பாருங்க!"

படி ஏறினேனா, யாராவது இழுத்துக்கொண்டு போனார்களா, நினைவில்லை. மேலே சாமான் அறை. கதவு திறந்துதான் கிடந்தது. தரை முழுக்க ஜமுக்காளங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக விரித்துக் கிடந்தன. மூலையில் இன்னும் பிரிக்காத சுருள்கள் சில. அவள் முட்டி போட்டுக்கொண்டு தன் உயரத்துக்குப் பெரிய ஒரு சுருளைத் தள்ளித் தள்ளிப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை, புருவம், இமை எல்லாம் தூசி. மஞ்சள் பாவாடை சாம்பல் நிறமாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அணைத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் செய்தது அதில்லை. கத்தினேன்.

"ஏட்டி, நான் மைக்குல கூப்பிட்டது ஒனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு டீச்சர்."

"கேட்டுமா வராம இருந்தே?"

"வில் இன்னும் கெடைக்கல டீச்சர்."

"எந்த வில்லு?"

அவள் என் முகத்தையும் மிருதங்க ஆசிரியர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டோமோ என்கிற பயம் அந்தக் கண்ணில் தெரிந்தது.

"நீங்கதான டீச்சர் சொன்னீங்க. வில்லு இல்லாம யாரும் வராதீங்க, போய்ப் பாருங்கன்னு. மேடையெல்லாம் பாத்தேன். ஜமுக்காளத்துல சுருட்டிருப்பாங்கன்னு இங்க வந்தேன். இன்னும் மூணுதான் டீச்சர் இருக்கு."

பிறகு தும்மினாள். தொடர்ந்து நாலைந்து தும்மல். நான் அந்த ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நான் அப்படிச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். கோபம் வந்தால் என் வாயில் வருகிற வாக்கியம்தான் அது. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது. மற்ற பிள்ளைகளுக்கு அது பழகிப்போய்விட்டது. டீச்சர் அப்படித்தான், கத்திவிட்டு மறந்துவிடுவார் என்று தெரியும். யாரும் அசைய மாட்டார்கள். எட்டு மாதப் பிள்ளைக்கு அது தெரியவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி செய்தாள். ஸ்டாண்டை வேனில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடியிருக்கிறாள். இரண்டே நிமிஷத்தில் வில் கிடைத்ததும் நான் அவளை மறந்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டேன். அனுப்பியது நானே என்பதுகூட அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"வில் கெடச்சுட்டும்மா" என்றேன். "அப்பவே கெடச்சுட்டு."

"சரி டீச்சர்" என்றாள். கோபமில்லை, அழுகையில்லை. அந்தச் சரியைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

திரும்புகிற வழியில் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். மணி இரண்டு ஆகப்போகிறது. அம்மா வந்து சேர இன்னும் அரை மணி நேரம். ஒரு கடையோரமாக வண்டியை நிறுத்தி அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தோம். அவள் குடித்துக்கொண்டிருக்கும்போது மிருதங்க ஆசிரியர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னார்.

"பிள்ள நல்லபடியா கெடச்சுட்டா. இனிமே இத யாருகிட்டயும் சொல்லணுமாக்கா? அவளும் வாயத் தொறக்கிற பிள்ள இல்ல. அவிய அம்மா மனசுதான் சங்கடப்படும். ஸ்கூலு போயிரும்க்கா. மத்த இருவத்தி ரெண்டு பிள்ளையும் என்ன செய்யும்?"

அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏழு வருஷமாக ஒரு ஞாயிறு விடாமல் அந்த மாடியேறி வருகிற மனுஷர். அவர் சொன்னதில் எனக்கு ஆசை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. கடைக்காரரிடம் தண்ணீர் வாங்கி அவள் முகத்தைக் கழுவினேன். முந்தானையால் தலையைத் துடைத்தேன். பாவாடையைத் தட்டித் தட்டி உதறினேன். பின்னலை அவிழ்த்து மறுபடி போட்டேன். அப்புறம்தான் புரிந்தது, நான் தடயத்தை அழித்துக்கொண்டிருக்கிறேன் என்று. அவள் ரோஸ்மில்க் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் காட்டிக்கொண்டு, நான் எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாள்.

பள்ளிக்கு வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தோம். இரண்டரைக்கு அந்த அம்மா வந்தார். வேகமாக நடந்து வந்தார், எப்போதும் வேகமாகத்தான் வருவார். தலைமுடியில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. மகள் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். சொல்லட்டுமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை எனக்காகக் காத்திருந்தாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சாமானை எண்ணினதை, அவளை எண்ணாததை, நானே அனுப்பியதை, மறந்ததை. மன்னிப்புக் கேட்டேன். மிருதங்க ஆசிரியர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டட்டும் என்று காத்திருந்தேன். மில்லில் வேலை பார்க்கிற பெண்களின் வாய் எனக்குத் தெரியும். எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

அவர் மகளின் தலையில் கையை வைத்தார். நான் போட்ட பின்னலை ஒருமுறை தடவினார். அது தான் போட்ட பின்னல் இல்லை என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

"எம்புட்டு நேரம் டீச்சர்?"

"ஒன்றரை மணி நேரம்."

மகளிடம் குனிந்தார். "அழுதியா?"

"இல்லம்மா."

"பயந்தியா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இல்ல. கீழ நெறைய பேர் சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் ஷிப்டுக்குப் போனா இவ வீட்டுல ஒத்தையில கெடப்பா டீச்சர். வெளியே பூட்டிட்டு, சாவிய நான் எடுத்துட்டுப் போவேன். அப்படி ரெண்டு வருசம் விட்டுட்டுப் போயிருக்கேன். மில்லுல நின்னுக்கிட்டு, தீ கீ பிடிச்சா என்ன செய்வாள்னு நெனச்சு நெனச்சு எனக்குக் கையே ஓடாது. இங்க விட்டா நாலு பிள்ளைகளோட இருப்பாள்னுதான் சேத்துவிட்டேன். பாட்டுக்காக இல்ல."

எட்டு மாதமாக அந்தப் பெண்ணின் குரலைப் பற்றி அந்த அம்மாவிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். சுருதி சுத்தம், நல்ல ஞாபகம், நன்றாக வருவாள் என்றெல்லாம் வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, நாளைக்குக் கிளாஸ் உண்டா என்று மட்டும்தான் கேட்பார். மகளின் பாட்டில் அக்கறை இல்லாத தாய் என்று நான் மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்தார். இனி வர மாட்டாள் என்று சொல்லத்தான் திரும்புகிறார் என்று நினைத்தேன். அதைக் கேட்க மனசைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"அடுத்த வாரமும் எனக்குக் காலை ஷிப்ட்டுதான் டீச்சர்" என்றார். "எத்தன மணிக்குக் கொண்டாந்து விடணும்?"